எண்ணெய்த் தாங்கிகளும் குப்பி விளக்குகளும்
(சீனன்குடாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

ஒரு சமூகத்தின் பொருளாதார அமைப்பினை அறிய விரும்புவோர் அச் சமூகத்தின் வயல்களையும் தொழிற்சாலைகளையும் சந்தைகளையும் ஆராய்வது வழக்கம். அடுப்பங்கரையையும் விளக்கு மாடத்தையும் ஆராய்ந்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்குப் பின் எரிவது யாது, அதனை எரிப்பதற்கு யார் எவ்வளவு உழைக்கவேண்டியிருந்தது என்னும் இரு வினாக்களும் அவ் வீட்டாரின் சமூக நிலையினைத் துல்லியமாக வெளிப்படுத்தவல்லன. விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்பன வெறும் எரிபொருட்கள் அல்ல. நில உரிமை, தொழில், வருமானம், பெண்ணின் உழைப்பு, அரசுடன் ஒருவனுக்குள்ள உறவு ஆகிய யாவும் அவற்றினூடே தம்மை வெளிப்படுத்துகின்றன. இவ்வுண்மையை இலங்கையில் வேறெந்த இடத்தைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் இடம் திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய சீனன்குடாவாகும். தென்னாசியாவின் மிகப்பெரிய எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்று அங்கே காட்டுக்குள் நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த ஊர்களிலோ நெடுங்காலமாக எரிந்தது குப்பி விளக்கு.

பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியமை முதலாம் உலகப்போரை ஒட்டிய காலத்து நிகழ்ச்சி. கப்பல்கள் எண்ணெயில் ஓடத் தொடங்கியதும், உள்நாட்டில் போதிய எண்ணெய் ஊற்று இல்லாத பிரித்தானியா உலகின் கடல்வழிகள் தோறும் எண்ணெயைச் சேமித்து வைக்கவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயிற்று. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு கிழக்கைக் காக்கும் திட்டம் உருவானபோது, அத் திட்டத்தின் இடைவழிச் சேமிப்பிடமாகத் திருகோணமலை அமைந்தது. இவ்வாறே 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவின் மேட்டு நிலத்திலும் தாழ்நிலத்திலும் நூறு வரையிலான இரும்புத் தாங்கிகள் எழுந்தன. இன்று எஞ்சியுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. மொத்தக் கொள்ளளவு பத்து இலட்சம் கிலோலீற்றருக்கும் அதிகமாகும். இவற்றை அமைக்கவும் துறைமுகத்தில் வேலை செய்யவும் இலங்கையின் பிற பகுதிகளிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர்.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இத் தாங்கிகளில் இருந்தது கப்பலின் கொதிகலனுக்குரிய உலை எண்ணெய். வீட்டு விளக்குக்குரிய மண்ணெண்ணெய் அன்று. எனவே, தாங்கியில் இருந்ததை ஊராருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கலாமே என்று வாதிடுவது பேதைமை. வினா அதுவன்று. ஒரு நிலப்பரப்பிலே கோடிக்கணக்கான லீற்றர் எரிசக்தியைச் சேமிப்பதற்கு வேண்டிய அறிவும் இரும்பும் தொழிலாளரும் திரட்டப்பட்டபோது, அந் நிலப்பரப்பில் வாழ்ந்த மக்களின் எரிசக்தித் தேவை எவருடைய கணக்கிலும் ஏன் இடம்பெறவில்லை என்பதே வினா. அதற்குரிய விடை எளியது. குடியேற்றவாதத்தின் கணக்கேட்டில் சீனன்குடா ஒரு தளம். ஓர் ஊர் அன்று.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று விமானமொன்று தாங்கியொன்றின்மீது வீழ்ந்து வெடித்ததாகவும், அத் தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததாகவும் கூறுவர். திருகோணமலையின் வரலாற்றிலே எண்ணெய் பேரொளி வீசிய நாட்கள் அவையாகவே இருத்தல் கூடும். போர் முடிந்து, 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, தளத்தைச் சார்ந்து வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தாங்கிகள் 1960களில் இலங்கையின் உடைமையாயின. ஆயினும் உடைமை மாறியதேயன்றிப் பயன் மாறவில்லை. 1969இல் மசகெண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் கொழும்பையடுத்த சப்புகஸ்கந்தையில் இயங்கத் தொடங்கிற்று. நாட்டின் எண்ணெய்ப் போக்குவரத்து மேற்குக் கரையிலே நிலைபெற, கிழக்கின் தாங்கிகளிற் பெரும்பாலானவற்றைச் சுற்றிக் காடு வளரலாயிற்று.

வீட்டு விளக்கின் வரலாறு இதனின்றும் வேறான பாதையிற் சென்றது. இலங்கையின் சிற்றூர்களில் ஆதியில் எரிந்தவை தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் போன்ற வித்தெண்ணெய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கப்பலேறி வந்த மண்ணெண்ணெய் அவற்றைக் கோயிலுக்கும் சடங்குக்கும் ஒதுக்கிவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மண்ணெண்ணெயும் எல்லா வீட்டிலும் ஒரே விதமாக எரியவில்லை. வசதி படைத்தோரிடம் பெற்றோல்மாக்ஸ். நடுத்தரத்தாரிடம் அரிக்கன் லாம்பு அல்லது சிமிலி விளக்கு. ஏழையிடம் பழைய போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி செருகிய குப்பி விளக்கு. இம் மூன்றும் ஒரே எண்ணெயைக் குடித்தாலும் தந்த ஒளி வேறு. குப்பி விளக்கின் சுடர் தரும் ஒளி 60 வாற் மின்குமிழொன்றின் ஒளியில் நூற்றில் இரண்டொரு பங்கே. எனவே, பெற்ற ஒளிக்கு ஈடாகக் கொடுத்த பணத்தைக் கணக்கிடின், நாட்டிலே மிகக் கூடிய விலை கொடுத்து ஒளியை வாங்கியவர்கள் ஏழைகளே என்பது புலனாகும். மாதக் கடைசியில் அவர்கள் செலவிட்ட தொகை சிறிது என்பதால் இவ்வுண்மை மறைந்து கிடந்தது. பணக்காரர் கலன் கணக்கில் வாங்கியதை ஏழைகள் போத்தல் கணக்கில், சில வேளைகளில் அரைப் போத்தல் கணக்கில் வாங்கினர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும்.

குப்பி விளக்கின் விலையில் வேறொன்றும் அடங்கியிருந்தது. அது எளிதிற் கவிழும். கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். தீக்காயமுற்று மருத்துவமனைக்கு வந்தோரைக் கண்டு மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற, கவிழ்ந்தாலும் உருளாத, திருகு மூடியுடைய தட்டையான கண்ணாடி விளக்கொன்றை 1990களில் உருவாக்கினார். அதற்காக 1998இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார். மின்னிணைப்பு உள்ள வீட்டில் இத்தகைய விபத்துக்கு இடமில்லை. ஆகவே தீக்காயமும் வர்க்கம் பார்த்தே வந்தது எனின் அது மிகையாகாது.

மின்சாரத்துக்கு வருவோம். கொழும்பில் 1895இல் மின்னொளி தோன்றியது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மலையகத்து நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை விளக்கிக் கட்டுரை படித்தார். 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் உருவாயிற்று. 1950இல் லக்சபானாவின் முதற் கட்டம் நிறைவேறிற்று. இலங்கை மின்சார சபை 1969இல் நிறுவப்பட்டது. இத் திகதிகளைப் பாடநூல்கள் முன்னேற்றத்தின் படிகளாகக் காட்டுகின்றன. அது தவறன்று. ஆனால் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மின்னொளி பெற்ற வீடுகள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தே என்பதை இதனுடன் வைத்து நோக்கின், கொழும்பில் முதல் விளக்கு எரிந்து எண்பத்தாறு ஆண்டுகளின் பின்னரும் ஏழு வீடுகளில் ஆறு இருளிலோ மண்ணெண்ணெயிலோ கிடந்தன என்பது தெளிவாகும்.

அந்த ஆறு வீடுகள் யாருடையவை? கிராமத்தவர் என்று பொதுப்படக் கூறிவிடுவது போதாது. மலையகத்தை எடுத்துக்கொள்வோம். காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்தவை. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலை நீரில் மூழ்கிற்று. அந் நீரிலிருந்து பிறந்த மின்சாரம் தோட்டங்களைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றது. தோட்டத் தொழிலாளியின் லயன் அறைக்கோ அது வரவில்லை. காரணம் தூரமன்று. லயன் அறை தொழிலாளியின் உடைமையன்று. தோட்ட நிருவாகத்தின் உடைமை. வீடு தனதல்லாதவன் மின்னிணைப்புக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது? துரையின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் ஒளி இருந்தது. இடையிலிருந்த லயத்தில் இருள் இருந்தது.

நில உரிமையின்மை என்னும் இதே தடை வேறொரு வடிவில் கிழக்கிலும் இயங்கிற்று. அரச காணியிற் குடியேறியோர், உறுதிப் பத்திரம் அற்றோர், இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டிலில் வாழ்ந்தோர் ஆகியோருக்கு மின்கம்பம் வாசலில் நின்றாலும் மின்சாரம் வெகு தூரத்தில் இருந்தது. மின்னிணைப்புக்கு முதலில் கட்டவேண்டிய மொத்தத் தொகையோ நாட்கூலிக்காரன் ஒரே தடவையில் புரட்டக்கூடியதன்று. மின்கம்பி முதலில் முகாமையும் தொழிற்சாலையையும் நாடிச் செல்வது உலகெங்கும் காணப்படும் இயல்பு. விமானத் தளமும், 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா மா ஆலையும், சீமெந்துத் தொழிற்சாலையும் கொண்ட சீனன்குடாவை நோக்குவோர் இவ்வியல்பை மறத்தலாகாது.

சமையலைப் பற்றி எழுதுவோர் விளக்கைக் காட்டிலும் குறைவு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதும் இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. விறகு விலையில்லாப் பொருள் என்று எண்ணுவோர் அதனைப் பொறுக்கும் பெண்ணின் நாளைக் கணக்கிடுவதில்லை. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்களவே பானையைச் சென்றடைகின்றது. எஞ்சியது காற்றுக்கும், புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகின்றது. 1980களில் அறிமுகமான இருவாய்க் களிமண் அடுப்பாகிய ‘அனகி’ விறகைக் கணிசமாக மிச்சப்படுத்திற்று. அது பரவியது பெரும்பாலும் விறகை விலைக்கு வாங்கிய வீடுகளிலேயாம். பெண்ணின் நேரத்துக்கு விலை வைக்காத வீட்டில் விறகை மிச்சப்படுத்தும் அடுப்புக்கு விலை கொடுக்க எவரும் முன்வராமை வியப்புக்குரியதன்று. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்துக் காடுகளில் விறகு வெட்டி வாழ்ந்தோருக்குப் போர்க்காலத்திற் காடு தடைசெய்யப்பட்ட பூமியாயிற்று. அவ்வாறு ஓர் எரிபொருள் மறைந்தபோது அதனிடத்தை நிரப்ப வேறொன்றும் வரவில்லை.

அரசு இந்த ஏற்றத்தாழ்வை அறியாதிருந்தது என்று கூறுதல் நியாயமாகாது. நீண்டகாலம் பெற்றோலின் விலையை உயர்த்தி மண்ணெண்ணெயின் விலையைத் தாழ்த்தி வைத்திருந்த கொள்கை, வாகனக்காரரின் பணத்தில் குப்பி விளக்குக்கு எண்ணெய் வார்த்த கொள்கையே. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் உலகச் சந்தை விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காகியபோது அக் கொள்கை ஆட்டங்கண்டது. 1979இல் பங்கீட்டு அரிசி நிறுத்தப்பட்டு உணவு முத்திரை வந்தபொழுது, அதனுடன் மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கப்பட்டது. மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பமே அதற்குரிய அளவுகோலாக வகுக்கப்பட்டது. முத்திரையில் அச்சிட்ட தொகை நிலையானது. கடையின் விலையோ நிலையற்றது. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மைப் பெறுமதி பாதியளவுக்குத் தேய்ந்தது. மானியத்தை ஒழித்தோம் என்று அறிவிக்காமலே மானியம் ஒழிவதற்கு இதனைக் காட்டிலும் ஓசையற்ற வழி வேறில்லை.

போர் இவ்வரலாற்றுக்கு ஒரு கொடிய அத்தியாயத்தைச் சேர்த்தது. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. வடக்குக்குச் செல்லும் மண்ணெண்ணெய் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் ஜாம் போத்தலினுள் சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய திரியை அதனுள்ளேயே எரியவிட்ட சிக்கன விளக்கு வீடுதோறும் தோன்றியது. அதன் ஒளியில் படித்துப் பரீட்சை எழுதியோர் பல்லாயிரவர். வறியவர் வீட்டு விளக்கு இவ்வாறு வசதி படைத்தோர் வீட்டுக்கும் சென்றது. எனினும் அங்கேயும் சமத்துவம் முழுமையாகவில்லை. பதுக்கல் விலை கொடுக்க இயன்றவனின் விளக்கு சற்று நேரம் கூடுதலாக எரிந்தது.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே அமைந்த சம்பூரின் கதை தனியே எழுதத்தக்கது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த அம் மக்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கென அப் பகுதி குறிக்கப்பட்டது. மின்சாரத்துக்கென நிலம் கேட்கப்பட்ட மக்கள் கிளிவெட்டி போன்ற இடைத்தங்கல் முகாம்களின் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். 2015இல் நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது.

எரிபொருட் பயன்பாடு ஓர் ஏணி என்றும், வருமானம் உயர உயர மக்கள் விறகிலிருந்து மண்ணெண்ணெய்க்கும், அதிலிருந்து எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் ஏறுவர் என்றும் பொருளியலாளர் சிலர் எழுதுவர். இக் கருத்தில் உண்மையில்லை என்பதற்கில்லை. 2016 அளவில் ஏறக்குறைய நாடு முழுவதும் மின்னிணைப்புப் பெற்றமை அதற்குச் சான்று. ஆனால் ஏணியின் கீழ்ப்படிகள் எவ்வளவு உளுத்தவை என்பதை 2022 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டது. எரிவாயு கிடையாமையால் நகரத்து மாடி வீட்டாரும் விறகு தேடி அலைந்தனர். யூலையில் வந்த கியூ.ஆர். பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என வகுக்கப்பட்டது. அப் பங்கீடு வாகனத்தைக் கணக்கிட்டதேயன்றி அடுப்பைக் கணக்கிடவில்லை. வாகனமற்ற வீட்டுக்கு அதில் இலக்கமே இல்லை. ஓகத்து 21இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மலிவான மண்ணெண்ணெயை டீசலிற் கலந்து இலாபம் பெற்றோர் இருந்தனர் என்பதும், அவ்விலை கூட்டுத்தாபனத்துக்கு நட்டம் என்பதும் மெய்யே. ஆயினும் ஏமாற்றியவன் செய்த குற்றத்துக்குத் தண்டம் கட்டியவன் விளக்கு ஏற்றியவனும் வள்ளத்து இயந்திரம் ஓட்டிய மீனவனுமாவான்.

மின்கட்டணத்தைச் சிறிது விரிவாக நோக்குதல் பயன் தரும். மாதம் 30 அலகு மட்டும் பயன்படுத்தும் வீடு ஒன்று, அதாவது இரண்டு மூன்று மின்குமிழும் ஒரு விசிறியும் உள்ள வீடு, 2022 ஓகத்துக்கு முன் 105 ரூபா கட்டியது. அம் மாதம் செய்த திருத்தத்தின்பின் அது 360 ரூபாவாகியது; 2023 பெப்ருவரியில் 1,300 ரூபாவாகியது. ஓராண்டுக்குள் பன்னிரண்டு மடங்கு. இதே காலத்தில் 180 அலகுக்கு மேற்பட்ட படியின் அலகு விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவாக மட்டுமே உயர்ந்தது. 2023 யூலையில் 30 அலகு வீட்டின் கட்டணம் 450 ரூபாவாகக் குறைக்கப்பட்டமை இவ்வேற்றத்தின் பொருத்தமின்மையை ஒப்புக்கொண்டதற்குச் சமம். மேலும், படிமுறைக் கட்டணம் சிறு பாவனையாளருக்குச் சாதகமானது என்னும் நம்பிக்கை மானியொன்றுக்கு ஒரு குடும்பம் என்னும் கற்பனையில் தங்கியுள்ளது. வீடு கட்டப் பணமின்றி மூன்று குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே மானியில் வாழுமாயின், ஏழைகள் மூவரின் சிறு பாவனைகள் ஒன்றுசேர்ந்து பணக்காரரின் படிக்கு ஏறிவிடுகின்றன. தனித்து வாழும் வசதியுள்ள ஒருவரோ பெரிய வீட்டிலும் கீழ்ப்படியில் நிற்றல் கூடும். கட்டண அட்டவணை மானியை அறியும், மனிதரை அறியாது.

தாங்கிகள் பற்றிய பேச்சுவார்த்தைகள் இவ்வாண்டுகள் முழுவதும் ஓயவில்லை. 1987 யூலை 29இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் அவற்றைக் கூட்டாகச் சீரமைத்தல் இடம்பெற்றது. 2003இல் அவை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 2022 சனவரி 6இல் செய்த ஒப்பந்தம் 99 தாங்கிகளையும் பங்கிட்டது: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த புதிய கூட்டு நிறுவனத்துக்கு. ஒப்பந்தம் கைச்சாத்தாகி மூன்று மாதங்களுக்குள் நாடு எண்ணெயின்றி இருண்டது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். தாங்கிகள் இல்லாமையால் வந்த இருளன்று அது. அவற்றை நிரப்ப அந்நியச் செலாவணி இல்லாமையால் வந்தது.

2025 ஏப்பிரல் 5இல், சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கிவைக்கும் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து நடைபெற்றது. அதே நாளில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. உடன்படிக்கை குழாய்வழி பற்றியும் தாங்கிகள் பற்றியும் பேசுகின்றது. குழாய்வழியின் மறுமுனையில் யாருடைய அடுப்பு இருக்கும் என்பது இனி எழுதப்படவேண்டிய பகுதி.